பாட்டிலுக்கு உண்டு, பாக்கெட்டுக்கு ஏன் இல்லை?

ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்குவதற்குள் காரில் ஒரு பிள்ளையாவது வாந்தி எடுத்திருக்கும், மற்றதற்குப் பசி. தொரப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் முதுமலை. மூங்கில் நிழல், கீழே ஓடைச் சத்தம், பின் இருக்கையில் காலையிலேயே கட்டி எடுத்து வந்த புளிசாதம். வண்டி தானாக ஓரங்கட்டுகிறது. காட்டுச் சாலையில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது என்பது தெரியாதவர் யாருமில்லை. "அஞ்சே நிமிஷம்" என்பார் வீட்டுப் பெரியவர்.

அந்த ஐந்து நிமிஷம் விட்டுச்செல்வது எண்ணெய் படிந்த பாலித்தீன் உறை, சிப்ஸ் பாக்கெட், பாதி குடித்த தண்ணீர் பாட்டில். உப்பு வாசனைக்கு மான் வந்து நக்கும், பிறகு மெல்லும். குரங்குக்கு அடுத்த காரையும் நம்பலாம் என்ற பாடம் கிடைத்துவிடும். மழை பெய்தால் மிச்சமெல்லாம் ஓடையோடு மாயாற்றுக்குப் போகும். மாயாறு போய்ச் சேருவது பவானிசாகர் அணையில். கோபி வயல்காரருக்கும் இந்தப் புளிசாதத்தில் பங்கு உண்டு.

சட்டத்துக்குக் குறைவில்லை. முதுமலை 1990 முதல் தேசியப் பூங்கா, 2007 முதல் புலிகள் காப்பகம். சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் குப்பை போடக் கூடாது என்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. ஆனால் மைசூருக்குப் போகும் நெடுஞ்சாலை காட்டின் நடுவே ஓடுகிறது. ஒவ்வொரு மூங்கில் புதருக்கும் ஒரு காவலரை நிறுத்த எந்தத் துறையாலும் முடியாது. அபராதப் பலகையை வைத்துவிட்டுக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

நம்பிக்கை தந்தது, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, டாஸ்மாக் பாட்டில். குடித்துவிட்டு வீசிய பாட்டில் உடைந்து யானையின் பாதத்தில் ஏறினால் புண் சீழ் பிடித்து, அந்தப் பெரிய உடல் நாள்கணக்கில் நொண்டிச் சாகும். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. நூற்றில் தொண்ணூறுக்கும் மேல் திரும்பி வந்தன. குடிமகன்கள் ஒரே மாதத்தில் காட்டை நேசிக்கத் தொடங்கிவிட்டார்களா என்ன? பத்து ரூபாய் அவர்களுடையது, அவ்வளவுதான். கோவை வெள்ளியங்கிரி அடிவாரத்திலும் மலையேறுவோரின் தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்குகிறார்கள். பாட்டிலோடு இறங்கி வந்தால் பணம் கைக்கு வரும்.

இதையே முதுமலைக்கும் கேட்கிறேன். தொரப்பள்ளியிலும் மசினகுடியிலும் கர்நாடக எல்லையான கக்கநல்லாவிலும் உள்ளே போகும் ஒவ்வொரு காருக்கும் எண் போட்ட ஒரு துணிப்பையைக் கொடுங்கள். பாட்டில், பாக்கெட்டை எண்ணிச் சீட்டில் குறித்து முன்பணம் வாங்குங்கள். எந்த வழியாக வெளியேறினாலும் பையையும் குப்பையையும் காட்டினால் பணம் திரும்பட்டும். வரிசை நீளும் என்பார்கள். நீலகிரிக்கு வரும் வண்டிகள் இ-பாஸுக்கும் பசுமை வரிக்கும் ஏற்கெனவே நின்றுதான் வருகின்றன. இன்னும் இரண்டு நிமிஷம் நிற்கட்டும்.

விரட்டினால் மட்டும் போதாது, பசிக்கும் வழி சொல்ல வேண்டும். விடுதியில் நாலு பேருக்குச் சாப்பாடு வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள்தான் கட்டுச்சோறு கொண்டு வருகிறார்கள். சாவடிக்கு இப்பால், ஊருக்குள், கூரையும் குழாயும் கழிப்பறையும் உள்ள இடமாகப் பார்த்து அவர்களை உட்காரச் சொல்லுங்கள். "இதற்கப்புறம் காடு, இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதிவையுங்கள்.

மே மாத ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஏறி வருவதற்குள் வனத் துறையும் மாவட்ட நிர்வாகமும் தொரப்பள்ளி ஒன்றிலாவது பை கொடுக்கத் தொடங்கிப் பார்க்கலாம். முதல் நாளைக்குச் சில நூறு துணிப்பைகளும் சாவடிக்கு ஒரு மேசையும் சில்லறையும் இருந்தால் போதும்.