யார் பாதி?

ஜப்பானில் 'ஹாஃபு' என்றொரு சொல் புழங்குகிறது. பாதி என்று பொருள். தாய் தகப்பனில் ஒருவர் வேற்று நாட்டவர் என்றால் பிள்ளை 'பாதி'. மீதிப் பாதி எங்கே போச்சு என்று யாரும் கேட்பதில்லை. சொல்கிறவர் மட்டும் முழுசு. இந்த முழுசுகளின் யோக்கியதையைத்தான் பேசவேண்டியிருக்கிறது.

2015இல் அரியானா மியாமோட்டோ மிஸ் யூனிவர்ஸ் ஜப்பானாகத் தேர்வானார். அப்பா ஆப்பிரிக்க அமெரிக்கர். 2016இல் மிஸ் வேர்ல்டு ஜப்பான், பிரியங்கா யோஷிகாவா. அப்பா இந்தியர். இரண்டு முறையும், இவள் அசல் ஜப்பானியப் பெண் இல்லை என்று கூச்சல். அழகுப்போட்டிச் சந்தையின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் அந்தக் கூச்சல் நம் காதுக்குப் பழசு.

வெள்ளை அரசிடமிருந்து தப்பி ஜப்பான் போன வங்காளி ராஷ் பிஹாரி போஸ், 1918இல் தோஷிகோவை மணந்தார். அவர்கள் மகன் மாசாஹிதே 1945இல் ஒகினாவாப் போரில் ஜப்பானியப் படையில் செத்தான். சாவதற்கு மட்டும் முழு ஜப்பானியன் போதும், பாதி பார்க்கவில்லை.

அப்படியென்றால் பிரச்சினை ரத்தத்தில் இல்லை, ஏட்டில் இருக்கிறது. 1984இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் 1985இல் நடப்புக்கு வரும்வரை, ஜப்பானியத் தகப்பனின் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. வேற்று நாட்டவரை மணந்த ஜப்பானியத் தாயின் பிள்ளைக்குக் கிடையாது. கலப்பு ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் இரண்டு. சரி, கலப்பே இல்லாதவர்களையாவது விட்டார்களா? புராக்கு மக்களுக்கு அதே முகம், அதே மொழி. தோல் பதனிட்ட, மாடறுத்த பரம்பரை என்று ஒதுக்கப்பட்டவர்கள். இழிவு ஒழிந்ததாக 1871இல் ஆணை போட்டாயிற்று. நூறு வருஷம் கழித்து, 1975இல், புராக்குக் குடியிருப்புகளின் பட்டியலைக் கம்பெனிகள் ரகசியமாக விலைக்கு வாங்கியது அம்பலமானது. வேலைக்கு வருகிறவன் எந்தத் தெரு என்று பார்க்கத்தான். ஒதுக்க நினைக்கிறவனுக்கு ரத்தம் ஒரு சாக்கு.

ஜப்பான் கதை நமக்கெதற்கு? நான் இருப்பது குயிலாப்பாளையம். ஒட்டினாற்போல் ஆரோவில், 1968இல் மனிதகுலம் முழுமைக்கும் சொந்தம் என்று சாசனம் எழுதித் தொடங்கியது. இரண்டு நாட்டுக்குப் பிறந்த பிள்ளை சைக்கிளில் போனால் கடைத்தெருவே வாய்பிளந்து பார்க்கும்: "பொம்மையாட்டம் கீது பாரு." ஊருக்கும் சேரிக்கும் பிறந்த பிள்ளை போனால்? "யாரு வூட்டுப் புள்ள? அப்பன் ஊரா, காலனியா?" புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். பிள்ளையைக் கேள்வி கேட்கக்கூட அவகாசம் தரவில்லை.

சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவன் சண்டாளன் என்கிறது மனுவின் பத்தாம் அத்தியாயம். கலப்பைத்தான் கடைசி இழிவாக எழுதிவைத்தார்கள். கலப்பு மணமே மருந்து என்று 1936இல் சொன்ன அம்பேத்கர் அதோடு நிற்கவில்லை. சாஸ்திரத்தின் புனிதத்தை உடைக்காமல் அந்த மருந்து இறங்காது என்றார். நம் முற்போக்கு நண்பர்கள் முதல் பாதியை மட்டும் மேடையில் பேசுகிறார்கள்.

அவர்களோடுதான் எனக்குச் சண்டை. "கலப்புப் பிள்ளைகள் சாதி கடந்த புது மனிதர்கள், அவர்களுக்கு எதுக்கு எஸ்.சி. சான்று?" என்கிறார்கள். வங்கியில் படிவம் வாங்கிப் போடுகிற குமாஸ்தா நான். கட்டத்தைக் காலியாக விட்டால் யாருக்கு லாபம் என்று தெரியும். தாய் சேரிக்காரி, பிள்ளை வளர்ந்தது சேரியில், பட்டது சேரியின் அவமானம். சான்று கேட்கும்போது மட்டும் 'புது மனிதன்'. இது சாதி ஒழிப்பா, தாயின் பெயரை அழிப்பதா? தாய் தகப்பன் இருவரில் எவர் சாதியையும் பெற்றோர் அறிவிக்கலாம் என்று தமிழக அரசு 1975லேயே ஆணையிட்டது. தகப்பன் சாதியே முடிவல்ல, பிள்ளை யாரிடம் வளர்ந்தது, என்ன இழிவை அனுபவித்தது என்பதைப் பார்க்கவேண்டும் என்று 2012இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. நீதிமன்றத்துக்குப் புரிந்தது நண்பர்களுக்குப் புரியவில்லை.

கலப்புப் பிள்ளை எவனுக்கும் பாதியில்லை. அது ஜப்பானியராகவோ தலித்தாகவோ இரண்டுமாகவோ தன்னைச் சொல்லிக்கொள்ளும், சொல்லாமலும் இருக்கும். அது அதன் உரிமை. தோழர்களே, இனி எவனாவது "நீ எந்தப் பக்கம்?" என்றால் பதில் சொல்லாதீர்கள். திருப்பிக் கேளுங்கள்: "நீ முழுசுன்னு எந்த ஏட்டுல இருக்கு? அந்த ஏட்ட எழுதுனது யாரு?"