தீவகத்துச் சாகசப் பிரயாணமும் பூர்வீக மரபும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குக் கடலிலே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, வேலணை, மண்டைதீவு, காரைநகர் எனச் சிதறிக் கிடக்கும் தீவகத்தைச் சாகசப் பிரயாணிகளுக்கு உரிய பிரதேசமாக உலகுக்கு அறிமுகஞ் செய்யவேண்டும் என்ற ஆர்வம் அண்மைக் காலமாக வலுத்து வருவதையும், சைக்கிளில் தீவைச் சுற்றுவது, சிறு தோணியில் துடுப்பு வலித்துத் தீவுக்குத் தீவு செல்வது, கடற்கரையிலே கூடாரம் அடித்துத் தங்குவது, பவளப் பாறைகளிடையே மூழ்கி நீந்துவது முதலியவற்றில் எம்மவரின் பிள்ளைகளுக்கும் அவர்தம் கனேடிய நண்பர்களுக்கும் நாட்டம் பெருகி வருவதையும் முன்னிட்டு, அத்தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டு மொன்றியலில் வாழும் குடும்பங்களின் சங்கமாகிய நாங்கள் எமது அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது கடமை எனக் கருதுகிறோம். வருவோரை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும் எத்தனை பேர் வரலாம், எந்தப் பருவத்தில் வரலாம், எவ்விடம் வரை செல்லலாம் என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம், யுத்தத்துக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுத்து இன்றும் அத்தீவுகளிலே குடியிருக்கும் ஜனங்களுக்கே உரியது என்பது எமது உறுதியான நிலைப்பாடாகும்.

விருந்தினரை ஏற்பதும், அவர்கள் வரவுக்கு நியமம் வகுப்பதும் தீவகத்துக்குப் பழக்கமான காரியங்களே. நயினாதீவில் உள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணையைத் தாங்கி நிற்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்ட அச்சாசனத்தின்படி, பரதேசிகள் எனப்படும் பிறதேசத்தார் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கைப் பண்டாரத்துக்கு எடுத்துக்கொண்டு எஞ்சிய மூன்று பங்கையும் உடையவனிடமே விட்டுவிடவேண்டும். வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கலமாயின் பாதிக்குப் பாதி. வந்தவனுடைய உயிருக்கும் உடைமைக்கும் உத்தரவாதம், வரவேற்ற துறைக்கு நியாயமான பங்கு, இரண்டையும் முன்கூட்டியே கல்லில் வெட்டி அறிவித்துவிட்ட நேர்மை ஆகிய மூன்றும் ஒரே சாசனத்தில் கூடியிருப்பதை எண்ணும்போது, எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் நாங்கள் கேட்பதெல்லாம் புதுமையான கோரிக்கை அன்று என்பது புலப்படும்.

தீவுகளுள் கரையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள நெடுந்தீவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் சாகசப் பிரயாணிகளின் கண் முதலில் விழுவது அதன்மேல்தான். பசுக்களின் தீவு என்று போர்த்துக்கீசர் பெயரிட்டதும், பின்னர் ஒல்லாந்தர் தமது ஊரொன்றின் பெயரைச் சூட்டியதுமான அத்தீவிலே, ஆங்கிலேய அதிகாரி நோலன் காலத்துக் குதிரை வளர்ப்பின் எச்சமாக இன்றும் கட்டின்றித் திரியும் குதிரைகள், ஆள் உள்ளே நுழைந்து நிற்கத்தக்க பொந்துடைய பெருக்கமரம், பவளக் கற்களால் எழுப்பப்பட்டு இடிந்து நிற்கும் கோட்டை, ஊரார் வெடியரசன் கோட்டை என வழங்குவதும் தொல்லியலார் பௌத்தத் தூபிகளின் அடித்தளமாகக் காண்பதுமான கற்குவியல்கள் எனப் பார்க்கத்தக்கவை பல உள. இவற்றையெல்லாம் விட எங்கள் உள்ளத்தைத் தொடுவது அத்தீவின் கல்வேலி. சுண்ணாம்பும் சாந்தும் இன்றி, கடல் தந்த பவளக் கல்லைப் பொருத்தம் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளியூடே சோளகக் காற்று புகுந்து செல்லுமாறு விட்டு, வளவுக்கு வளவு எல்லை வகுத்த அவ்வேலிகளை உற்று நோக்கினால், கல்லின் முகத்திலே பூவிதழ் போன்ற வரிகளும் மூளையின் மடிப்புப் போன்ற சுருள்களும் தெளிவாகத் தெரியும். அழகென்று ஞாபகார்த்தமாக அடிவரிசையிலிருந்து ஒரு கல்லை ஒருவர் உருவிக்கொண்டால் அதன்மேல் நிற்கும் வரிசை முழுவதும் சரிந்துவிடும். அதனை மீள அடுக்கும் கைப்பழக்கம் உள்ள முதியவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். ஆதலின் கல்வேலியின்மேல் ஏறி நின்று படம் பிடிப்பதையும், அதன் கற்களை எடுத்துச் செல்வதையும், விடுதி கட்டுவோர் அலங்காரத்துக்காக அவற்றை விலைக்கு வாங்குவதையும் முற்றாகத் தடைசெய்யும்படி கேட்கிறோம். கோட்டைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு வேலிக்கும் கிடைக்கவேண்டும்; கோட்டை ஆள வந்தவர்களின் நினைவு, வேலி எங்கள் பாட்டன்மாரின் கைவேலை.

அடுத்தது தண்ணீர். ஆறோ மலையோ இல்லாத சுண்ணக்கல் நிலத்திலே, மாரி மழை கல்லின் துவாரங்கள் வழியே இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதையே கிணறுகள் மூலம் தீவார் அருந்துகிறார்கள். பட்டையாலோ வாளியாலோ அளவாக அள்ளும் வரை அப்படலம் நிலைக்கும். மோட்டார் பூட்டி உறிஞ்சினால் அடியிலுள்ள உவர் மேலேறி, ஒருமுறை கெட்ட கிணறு மீண்டும் இனிக்கப் பல மாரிகள் செல்லும். குளிர் அறையும் நீச்சல் தடாகமும் கொண்ட விடுதியொன்று நாளொன்றுக்குச் செலவிடும் நீர் எத்தனை குடும்பங்களின் குடிநீர் என்பதைக் கணக்கிடாமல் எந்த அனுமதியும் வழங்கப்படலாகாது. நன்னீர் போதாத தீவுகளிலே நீச்சல் தடாகங்களை நாங்கள் நிபந்தனையின்றி எதிர்க்கிறோம்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகிலே ஏறியவர்களுக்கு அங்குள்ள நெருக்கம் தெரியும்: அரிசி மூடை, எரிவாயுச் சிலிண்டர், மோட்டார் சைக்கிள், நாள்தோறும் வந்து திரும்பும் ஆசிரியர்கள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் சென்று மீளும் கர்ப்பிணிகள், எல்லாரும் அந்த ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடலை ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தே கடக்கிறார்கள். விடுமுறை நாட்களில் உல்லாசப் பிரயாணிகள் முந்திக்கொண்டு இடம்பிடிக்க, ஊரவர் துறையிலே நின்றுவிடும் நிலை எக்காரணங்கொண்டும் ஏற்படலாகாது. ஊரவருக்கே முதலிடம், பிரயாணிகளுக்குத் தனிப் படகு, ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி, காற்று மிகும் பருவத்தில் பயண நிறுத்தம் ஆகியவை அப்பிரதேசத்தின் சட்டமாகவே வரவேண்டும்.

அக்கடல் வெறும் விளையாட்டு வெளியும் அன்று. 1985ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, கடற்படையினர் என உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னவர்கள், குழந்தைகளென்றும் பெண்களென்றும் பாராமல் பிரயாணிகளை வெட்டிக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களின் உறவினர் சிலர் எங்கள் சங்கத்திலும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் நெடுந்தீவார் ஒன்றுகூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அன்றைய தினம் அக்கடல்வழியில் கேளிக்கைப் படகுகளும் நீர் விளையாட்டுகளும் முற்றாக நிறுத்தப்படவேண்டும் என்றும், தீவுக்கு வழிகாட்டுவோர் தாம் அழைத்துச் செல்பவர்களுக்குக் கோட்டையின் கதையோடு குமுதினியின் கதையையும் சொல்லவேண்டும் என்றும் கோருகிறோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டை இன்று கடற்படை நடத்தும் தங்குவிடுதியாக இருப்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடவேண்டும். போர்த்துக்கீசர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பிற்காலத்தில் சிறைச்சாலையாகவும் இருந்த அக்கட்டடத்தின் முழு வரலாறும் அங்கு தங்குவோர் காணும்படி மூன்று மொழிகளிலும் எழுதி வைக்கப்படுவதும், அதன் ஆதாயத்தில் ஒரு பங்கு பக்கத்துக் கிராமங்களுக்குச் சேர்வதும் நீதியாகும்.

நெறியின்றி வரவேற்றால் நேர்வது யாது என்பதற்குத் தூர தேசத்து உதாரணம் தேவையில்லை. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு, 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டிருந்தும், யுத்தம் ஓய்ந்தபின் பெருகிய கூட்டத்தின் கால்மிதியாலும் படகுகளின் நங்கூரத்தாலும் அதன் பவளப் பாறை பெரிதும் சிதைந்தது. காற்றாடி பிடித்து அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்குப் பெயர்பெற்ற கற்பிட்டியிலோ, பதினான்கு தீவுகளை உள்ளடக்கிய உல்லாசத்துறைத் திட்டத்தினால் தமது வாடி நிலமும் கரைக்குச் செல்லும் பாதையும் பறிபோவதாக மீனவர் போராட நேர்ந்தது.

இனி, 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டதை நாங்கள் கொள்கையளவில் ஆதரிக்கிறோம். குதிரைகளைத் துரத்திச் செல்வதும், கோடையில் அவை அண்டும் நீர்நிலைகளைச் சூழ்ந்து கூடாரம் அடிப்பதும் அங்கு தடுக்கப்படவேண்டும். ஆயினும் பூங்காவின் வேலி ஊரவரின் மேய்ச்சலுக்கும் பனைத் தொழிலுக்கும் குறுக்கே நிற்கலாகாது. 2022 டிசம்பரில் இதே மொன்றியல் நகரிலே உலக நாடுகள் கூடி ஏற்ற குன்மிங்-மொன்றியல் உயிர்ப்பல்வகைமைச் சட்டகம், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் நூற்றுக்கு முப்பது பங்கைப் பாதுகாக்கவேண்டும் என்று கூறும் அதே பந்தியிலேயே, பூர்வகுடிகளினதும் அவ்வவ்விடத்துச் சமூகங்களினதும் உரிமைகளை மதிக்கவேண்டும் என்றும் கூறுகிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நிறைவேற்றுவது அச்சட்டகத்தை நிறைவேற்றியதாகாது.

இந்நகரின் தென்கரையிலே, சென் லோரன்ஸ் நதியோரத்தில் உள்ள கானவாகே மோகாக் பூர்வகுடி மக்கள் எங்களுக்குக் கற்பித்த பாடமும் ஒன்றுண்டு. நில உரிமைக்காக எழுந்த 1990ஆம் ஆண்டு ஓக்கா நெருக்கடியின் கசப்பு ஆறுமுன், அதற்கு அடுத்த ஆண்டே அவர்கள் ஆண்டுதோறும் நிகழும் தமது ஆடல் விழாவைத் தொடங்கி, அயலாரையும் அழைத்தார்கள். எந்த ஆட்டத்தைப் படம் பிடிக்கலாம், எதனைப் பிடிக்கலாகாது, எப்போது எழுந்து நிற்கவேண்டும் என்பவற்றை மேடையிலிருந்து அவர்களே சொல்கிறார்கள். வந்தவர்கள் கேட்டு நடக்கிறார்கள். அவ்வாறு ஒழுங்கு செய்யப்பட்டதால் எவருடைய மகிழ்ச்சியும் குறைந்ததாக நாங்கள் காணவில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மனின் ஆனி உற்சவத்திலும், அயலிலுள்ள நாகதீப விகாரைக்கு வரும் யாத்திரிகர்கள் மத்தியிலும், இத்தகைய உபசரிப்பும் கட்டுப்பாடும் ஒருங்கே இருத்தல் கூடும்.

வேலைவாய்ப்பின்றி இளைஞர் ஊரை விட்டு வெளியேறும் தீவுகளுக்கு நிபந்தனைகள் விதிப்பது, வரும் வருமானத்தையும் விரட்டுவதாகும் என்று எங்களுள்ளேயே சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் உள்ள கவலை மெய்யானது. புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கண்டவர் எவரும் அதனை அலட்சியஞ் செய்யமுடியாது. ஆனால் கொழும்பிலிருந்து வாகனமும் வழிகாட்டியும் உணவுப் பொதியும் கொண்டுவந்து, மாலைப் படகிலேயே திரும்பிவிடும் கூட்டத்தினால் தீவாருக்கு மிஞ்சுவது குப்பை மாத்திரமே. தீவிலே பிறந்த வழிகாட்டி, தீவாரின் வீட்டிலே தங்கல், ஒடியற்கூழும் தீவுத் தயிரும் சமைத்துத் தரும் பெண்களுக்கு நேரடிக் கூலி, உள்ளூர்ப் படகோட்டிக்கு உரிய வாடகை ஆகியவை இருந்தால், குறைந்த தொகையினர் வந்தாலும் ஊரில் தங்கும் பணம் கூடும்.

புலம்பெயர்ந்த எங்களுக்கும் இது பொருந்தும். 1983க்குப் பின் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கி, கோட்-டெ-நேஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் குடியேறிய தலைமுறை ஊரை நினைத்து உருகுவதற்கு உரிமை உடையதே. எனினும் பணமும் பாசமும் இருக்கின்றன என்ற காரணத்தால் அங்குள்ளவரின் சம்மதமின்றிக் கரைக் காணிகளை வாங்கி விடுதி எழுப்ப எமக்கு உரிமை இல்லை. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்து, பூமியெங்கும் பிரயாணஞ் செய்து, ‘ஒன்றே உலகம்’ என்ற நூலை எழுதிய தனிநாயக அடிகள், சென்ற தேசந்தோறும் அந்நாட்டாரின் மொழியையும் ஒழுக்கத்தையும் கற்றறியவே முற்பட்டார். தீவகம் உலகுக்கு அளித்த அப்பிரயாணியின் வழியிலே, பள்ளி விடுமுறையில் அங்கு செல்லும் எங்கள் பிள்ளைகளும் மூத்தோரிடம் கல்வேலி அடுக்கவும் தோணியின் பாகங்களைப் பெயர் சொல்லி அறியவும் பழகவேண்டும் என விரும்புகிறோம்.

எமது சங்கம் ஏற்கும் பொறுப்புகள் பின்வருமாறு. கியூபெக் மாகாணச் சட்டப்படி நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் உரிமம் பெற்ற முகவர்கள் தவிர, வாட்ஸ்அப் குழுக்களில் முற்பணம் திரட்டுவோர் எவரது தீவகப் பயணத்தையும் எங்கள் ஆண்டு மலரிலோ கூட்டங்களிலோ விளம்பரஞ் செய்யமாட்டோம். உரிமம் பெற்றவராயினும், உள்ளூர்ப் படகோட்டியையும் வழிகாட்டியையும் அமர்த்துவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டவர்களை மட்டுமே பரிந்துரைப்போம். நெடுந்தீவில் கல்வேலி அடுக்கத் தெரிந்த முதியவர்களிடம் இளைஞர் தொழில் பயிலும் காலத்துக்கு இருசாராருக்கும் நாட்கூலி வழங்க எமது நிதியிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்குகிறோம். இவ்வறிக்கையின் பிரதிகள் நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் பிரதேச சபைகளுக்கும், அவ்வத்தீவுகளின் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் அனுப்பப்படுகின்றன. அவர்கள் இதில் மாற்றவோ நீக்கவோ வேண்டும் என்று கூறும் பகுதிகளை அவர்கள் கூறியவாறே திருத்தி, அதன் பின்னரே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுவோம்.