ஊர்தோறும் ஓர் ஒப்பந்தம்

நுழையும்முன்

விளையாட்டு என்றதும் பதக்கமும் கோப்பையும் நம் நினைவுக்கு வருகின்றன. பதக்க மேடையில் ஏறாமலேயே நாடுவிட்டு நாடு சென்று ஆடிப் பிழைக்கும் ஆட்டக்காரர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்தம் வாழ்வைக் கூடைப்பந்தின் வழியே ஆராய்ந்து, நம் மாணவர்க்கும் அவ்வழி திறக்கப்பட வேண்டும் என வாதிடுகிறது இக்கட்டுரை.

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா சாலை வரை ஓடியது. வெளியூர்ப் பயணம் வாலாஜாபேட்டைக்குப் புதிதன்று. இராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோல் கடல் கடந்து செல்கிறது. ஆம்பூரில் தைக்கப்படும் காலணிகள் அயல்நாட்டுக் கடைகளில் அயல்நாட்டுப் பெயர் தாங்கி விற்கப்படுகின்றன. காலணி போகிறது, அதனை அணிந்து ஆடும் நம் கால்கள் ஏன் போவதில்லை? மாலையில் பள்ளித் திடல்களில் பந்து தட்டும் ஓசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இவ்வினா எழும்.

கூடைப்பந்து நமக்கு அண்மையில் வந்த ஆட்டமன்று. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்கென இதனை வகுத்தார். அவர் பணியாற்றிய ஒய்.எம்.சி.ஏ. அமைப்பே இதனை உலகெங்கும் பரப்பிற்று. அவ்வமைப்பின் சார்பில் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இயங்குகிறது. ஆயினும் ஒலிம்பிக்கில் இந்தியக் கூடைப்பந்து அணி ஆடியது ஒரே முறைதான்; 1980இல், மாஸ்கோவில்.

நானூற்றைம்பது இடங்கள்

கூடைப்பந்தைத் தொழிலாகக் கொள்வேன் என்று ஒரு மாணவர் சொன்னால், கேட்போர் உடனே அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியைச் சுட்டி நகைப்பர். அங்கு 30 அணிகள். அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள். ஆக 450 இடங்கள். அதனுள் நுழைந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி என்று நாம் கணக்குப் போடுகிறோம். இக்கணக்கு தவறு என்பதே என் கருத்து.

பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் பிறந்த சத்னாம் சிங்கை 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது தேர்வாக எடுத்தபோது நாடே கொண்டாடியது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அத்தேர்வில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. ஆனால், என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. வளர்நிலை அணியான டெக்சாஸ் லெஜன்ட்ஸில் ஆடினார். பின்னர்க் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்குச் சென்றார். பிறகு தொழில்முறை மல்யுத்தக் காட்சிக்கே மாறினார். அவர் தோற்றுவிட்டார் என்போர் உண்டு. இரண்டு நாடுகளில் தம் ஆட்டத்திறனுக்கு ஊதியம் பெற்ற ஒருவரைத் தோற்றவர் எனலாமா?

அம்ஜோத் சிங் ஜப்பானின் டோக்கியோ எக்ஸலன்ஸ் அணியில் ஆடி, 2017இல் அமெரிக்க வளர்நிலைப் போட்டியில் ஓக்லஹோமா சிட்டி புளூ அணியை அடைந்தார். அதே ஆண்டில் அம்ரித்பால் சிங் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியில் ஒப்பந்தம் பெற்றார். உழவர் குடும்பத்தைச் சேர்ந்த அவர் கூடைப்பந்தைக் கையில் எடுத்ததே பதின்பருவத்தின் இறுதியில்தான். அவர்களுக்கெல்லாம் முன்பே, கேரளத்தில் பிறந்து சென்னையில் தென்னக இரயில்வேக்காக ஆடிய கீது அன்னா ஜோஸ், 2006 முதல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்க மகளிர் அணிகள் மூன்று அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. இடம் கிட்டவில்லை. ஆண்களைப் பற்றிப் பேசும் அளவிற்கு அவரைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பெட்டியும் பந்தும்

இவ்வகை ஆட்டக்காரரை நாடோடி ஆட்டக்காரர் என்றே சொல்லலாம். பால் ஷெர்லி என்னும் அமெரிக்கர் 2007இல் தம் அனுபவங்களை நூலாக எழுதினார். நான்கு ஆண்டுகள், ஐந்து நாடுகள், பதினோர் அணிகள் என்று அந்நூலின் துணைத்தலைப்பே அவர் கதையைச் சொல்லிவிடுகிறது. கிரேக்கம், ஸ்பெயின், உருசியா என அவர் பெட்டி நகர்ந்துகொண்டே இருந்தது.

அயல்நாட்டு ஆட்டக்காரரை ஓர் அணி மகிழ்ச்சியாக அழைக்கும். அணி இரண்டு ஆட்டங்களில் தோற்றால் முதலில் அவரையே மாற்றும். கணுக்கால் பிசகினால் வேறொருவர் விமானம் ஏறிவிடுவார். மொழி புரியாத ஊரில், பண்டிகை நாளில், தனியறையில் இருந்து வீட்டுக்குப் பேசும் வாழ்க்கை அது. வெளிநாட்டில் உழைக்கும் உறவினர் உள்ள எந்த வீட்டாருக்கும் இது விளங்கும்.

ஊதியம் வாராதபோது என்ன செய்வது? பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிபா இதற்கெனவே ஒரு நடுவர் தீர்ப்பாயத்தை ஏற்படுத்தியுள்ளது. எந்த நாட்டுச் சட்டத்தையும் பற்றி நில்லாமல், நியாயம் எது என்று பார்த்தே அது பொதுவாகத் தீர்ப்பளிக்கும். தீர்ப்புக்குக் கட்டுப்படாத அணி, புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்ய இயலாதபடி ஃபிபா தடுக்கலாம். ஆனால், வழக்கு அங்கே செல்ல வேண்டுமாயின் ஒப்பந்தத்தில் அதற்கான உடன்பாடு எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவர், பல மாத உழைப்பை இழக்க நேரும். பந்தை எறியக் கற்றுத்தரும் நாம் ஒப்பந்தத்தைப் படிக்கக் கற்றுத்தருகிறோமா?

தோலின் அருமை

இங்கே ஒரு செய்தி; தோல் பதனிடும் வட்டாரத்து மாணவர்க்கு இது சுவைக்கும். 2006இல் என்.பி.ஏ. அமைப்பு தோல் பந்தைக் கைவிட்டுச் செயற்கைப் பொருளாலான பந்தைப் புகுத்தியது. வியர்வை பட்டால் வழுக்குகிறது, விரல்களைக் கீறுகிறது என்று ஆட்டக்காரர்கள் முறையிட்டனர். 2007 ஜனவரி முதல் நாளிலேயே தோல் பந்து திரும்பிவிட்டது. ஒரு தோலின் தரத்தை விரல் நுனியால் அறியும் தொழிலாளர் வாழும் ஊர்களில் இது யாருக்கும் வியப்பளிக்காது. கைப்பழக்கத்தால் வரும் திறனே ஆட்டக்காரரின் முதலும் ஆகும்.

வேலையா, வழிப்பயணமா?

தமிழ்நாட்டில் திறமையான ஆட்டக்காரருக்கு ஒரு பாதை உண்டு. விளையாட்டு விடுதி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பின்னர் இரயில்வேயிலோ வங்கியிலோ வேலை. இந்திய அணியின் தலைவராக விளங்கிய அனிதா பால்துரை தென்னக இரயில்வேயில் பணியாற்றியவர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இப்பாதையை நான் குறைத்துப் பேசமாட்டேன். மாதந்தோறும் ஊதியம் பெறும் முதல் தலைமுறையாக ஒரு குடும்பத்தை நிமிர்த்திய வேலைகள் இவை.

எனினும், ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள விரும்புவோர்க்கு உள்நாட்டில் இடம் குறைவு. 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. என்னும் தொழில்முறைத் தொடர் 2017உடன் நின்றது. வெளிநாட்டிலோ அயல்நாட்டவர்க்கு ஒதுக்கப்படும் இடங்கள் சில; அவற்றைப் பெரும்பாலும் அமெரிக்கர் நிரப்புகின்றனர். ஜப்பானின் பி.லீக் 2020-21 பருவத்தில் ஆசிய நாட்டினர்க்கெனத் தனியிடம் ஒதுக்கியது. பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் பலர் அவ்வழியே சென்றனர். தொடக்கத்தில் அவ்விடத்திற்குரிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இத்தகைய கதவுகளைத் தட்டுவது தனியொரு மாணவரால் ஆவதன்று; ஆட்டத்தை ஆளும் அமைப்புகள் செய்ய வேண்டிய பணி. பணியில் உள்ள ஆட்டக்காரருக்கு ஓரிரு பருவங்கள் ஊதியமில்லா விடுப்பும், திரும்பி வந்தால் அதே இடமும் உறுதிப்படுத்தப்படுமானால் பலர் துணிவர் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் வேண்டும். பரிசில் பெற்று மீளும் கலைஞர், வழியில் எதிர்ப்பட்ட கலைஞரிடம் எவ்வூரில் எவர் ஆதரிப்பார், வழி எத்தகையது என்று எடுத்துரைப்பதை நம் முன்னோர் ஆற்றுப்படை என ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கினர். பத்துப்பாட்டில் சரிபாதி அவ்வகையே. டோக்கியோவிலும் சிட்னியிலும் ஆடி மீண்டவர்கள் நம்மிடையே உள்ளனர். எந்த முகவரை நம்பலாம், காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, தாய்நாட்டுக் கூட்டமைப்பின் விடுவிப்புக் கடிதம் எப்போது கேட்க வேண்டும், குளிர் தாங்க எத்தனை போர்வை வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பள்ளிகளும் விளையாட்டு விடுதிகளும் அவர்களை அழைத்து, மேடையில் பொன்னாடை போர்த்துவதோடு அனுப்பிவிடாமல், திடலின் ஓரத்தில் உட்காரவைத்துக் கேட்கட்டும்.