காது மந்தமானவருக்கு மலாய் வராதா?



போர்டிக்சன் வட்டாரத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த அம்மா ஒருவருக்குச் சில மாதங்களாக மலாய் கற்பித்து வருகிறேன். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். நடுவயதில் செவித்திறன் குறைந்தவர். லயத்து வீட்டில் இருந்தவரை தமிழே போதுமாயிருந்தது. இன்று கிளினிக், வங்கி, பேரனின் பள்ளிப் படிவம் என எல்லாவற்றுக்கும் மலாய் தேவைப்படுகிறது. முன்பு ஒரு பெரியோர் வகுப்பில், "இனிமேல் உங்களுக்கு வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

முதல் வாரம் நானும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்தேன். 'பாகி' என்றேன், காலை என்னும் பொருளில். அவர் 'கொடு' என்றார். குரலை உயர்த்தினேன். "கத்தாதீங்க டீச்சர், நான் உங்க வாயைத்தான் பார்க்கிறேன்" என்றார்.

அவர் செய்தது பிழையன்று. அவ்விரு மலாய்ச் சொற்களின் முதலெழுத்துகளும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். வெட்கம், சுத்தியல், கைம்பெண் ஆகிய மூன்றுக்குமான மலாய்ச் சொற்களை ஒலியின்றிச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் ஒரே உதட்டசைவு! தமிழில் குறித்துக்கொள்ளலாமென்றால், நமக்கு இருப்பது ஒரே 'ப'. தமிழ் பேசும்போது பழகிய மொழியறிவு விடுபட்ட ஒலியை நிரப்பிவிடுகிறது. புதுமொழியில் ஊகிப்பதற்குக் கையிருப்பு ஏது?

கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்னும் வரிசையே பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. அது கேட்கும் காதை நம்பிய வரிசை. நான் அதைத் தலைகீழாக்கினேன். முதலில் ரூமி எழுத்து. தனிச்சொல்லுக்கு மாறாகச் சொற்றொடர். 'செலாமாட் பாகி' என்று சேர்த்துச் சொன்னால் குழப்பமே இல்லை.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியச் சைகைமொழியை அங்கீகரித்தது. நல்லதே. ஆனால், பாதி வாழ்வில் காது மங்கியவர்கள் பலருக்குச் சைகைமொழி தெரியாது. அவர்களுக்கு வேண்டியவை ஒரு வெண்பலகை, ஆசிரியர் முகத்தில் வெளிச்சம், எதிரே ஓர் இருக்கை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் நடத்தும் வகுப்பில் இதற்குச் செலவு என்ன ஆகிவிடும்?

சென்ற வாரம் அவர் கிளினிக்குக்கு ஓர் அட்டை கொண்டுபோனார். தமக்குக் காது சரியாகக் கேட்காது, தயவுசெய்து எழுதிக் காட்டுங்கள் என்று மலாயில் அவரே எழுதியது. அதில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது, நான் திருத்தவில்லை. தாதி படித்துவிட்டு, அவருடைய எண்ணைத் தாளில் எழுதிக் காட்டினாராம்.