'வயசானா மறதி சகஜம்'னு விட்டுடலாமா? அல்சைமர் நோயில் தாமதம் ஏன் ஆபத்து?

அரை மணி நேரத்தில் நாலு முறை "சாப்டியா?" என்று கேட்கும் பாட்டி. பென்ஷன் வாங்கியதையே மறந்து "இன்னும் பணம் வரலையே" என்று புலம்பும் தாத்தா. பல வீடுகளில் இதற்கு ஒரே விளக்கம்தான்: 'வயசாயிடுச்சு'. அந்த விளக்கம்தான் சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நினைவு, சிந்தனை, அன்றாட வேலை எல்லாம் படிப்படியாகக் குலைவதுதான் டிமென்ஷியா. அதற்கு முக்கியக் காரணம் அல்சைமர் நோய்.

எது சாதாரண மறதி?

சாம்பாருக்கு உப்பு போட்டோமான்னு மறப்பது யாருக்கும் நடக்கும். 40 வருஷமா வெச்ச சாம்பாரை எப்படி வைப்பதுன்னே குழம்பினால் கவனிக்கணும். பழகிய ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும் அப்படித்தான்.

முதலில் என்ன செய்யணும்?

நரம்பியல், மனநல அல்லது முதியோர் நல மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பரிசோதிக்காமல் விட்டால், சரியாகக்கூடிய மறதியும் சரியாகாமல் போகலாம்.

புது மருந்து வந்தாச்சே?

அமெரிக்கா 2023-ல் லெகானெமாப், 2024-ல் டொனானெமாப் ஊசி மருந்துகளுக்கு முழு அனுமதி தந்தது. இவை நோயைக் குணமாக்காது. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். 18 மாத ஆய்வில் லெகானெமாப் எடுத்தவர்களுக்கு பாதிப்பு 27 சதவீதம் மெதுவாக நகர்ந்தது. மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வரும் அபாயமும் உண்டு. முக்கியமாக, இவை ஆரம்பக்கட்ட நோயாளிகளுக்கு மட்டுமே. தாமதமாக வருபவர்களுக்கு இந்த வாய்ப்பே இல்லை.

வீட்டில் எப்படி சமாளிப்பது?

* "இப்பதானே சொன்னேன்" என்று வாதாடாதீர்கள். பொறுமையாகப் பதில் சொல்லி, பேச்சை மாற்றுங்கள்.
* சாப்பாடு, குளியல், தூக்கம் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.
* சமையல் முடிந்ததும் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.
* சட்டைப் பையிலோ பர்ஸிலோ பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும்.
* கவனிக்கும் வேலையை மகள் அல்லது மருமகள் ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள்.

முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கு. சொத்து, வங்கிக் கணக்கு, யார் வீட்டில் இருப்பது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்ய முடியும். நாள் கடந்தால் அந்த முடிவை மற்றவர்கள்தான் எடுப்பார்கள்.