முடியில் தேடும் ஈயம்

நலமாயிருந்த ஒருவரின் முடியை வெட்டிப் பங்கிட்டு, அமெரிக்காவின் ஆறு வணிக ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினார்கள். 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வெளியானது. 12 கனிமங்களில் ஆகக் கூடிய அளவும் ஆகக் குறைந்த அளவும் பத்து மடங்குக்கு மேல் வேறுபட்டன. ஒரே தலையின் முடிக்கு ஒன்றுக்கொன்று முரணான உணவு ஆலோசனைகளும் வந்து சேர்ந்தன.

கண்டியிலோ பேராதனையிலோ, ஓட்டிசம் உள்ள பிள்ளையின் முடியில் உலோகம் அளந்த அறிக்கையை ஒரு தாய் மேசையில் விரித்து வைத்தால், வைத்தியருக்கு முதலில் இந்த ஆய்வு நினைவுக்கு வரவேண்டும். தாயின் பதற்றம் நியாயமானது. ஆனால் அவர் கையிலிருக்கும் தாளை நம்பி எந்த மருந்தும் தொடங்கக் கூடாது.

முடிச் சோதனையை விட ஆபத்தானது, மருந்து கொடுத்துச் சிறுநீரைச் சேர்க்கும் சோதனை. உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் செலேஷன் மருந்தைக் கொடுத்தால் எவருடைய சிறுநீரிலும் உலோகம் கூடும். அந்த எண்ணை மருந்து எடுக்காதவர்களின் அளவோடு ஒப்பிட்டால் நலமான பிள்ளையும் நஞ்சேறியதாகவே தெரியும். இந்தச் சோதனை அறிவியல் முறைப்படி உறுதிசெய்யப்படாதது என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர் கல்லூரி வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

இதன் விலை உயிராகவும் இருந்திருக்கிறது. 2005 ஓகஸ்டில் பென்சில்வேனியாவில், ஓட்டிசத்துக்கென இ.டி.டி.ஏ. என்ற செலேஷன் மருந்து ஏற்றப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் இரத்தத்தில் கல்சியம் சரிந்து இறந்தான். 2015இன் கொக்ரேன் மீளாய்வு, இச்சிகிச்சை ஓட்டிசத்துக்குப் பயன்தரும் என்பதற்கு ஆதாரம் காணவில்லை.

பாதரசத்திலும் நிதானம் தேவை. கலிபோர்னியாவில் பாலர் வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், மீன் உண்ணும் அளவைக் கணக்கில் எடுத்த பிறகு, ஓட்டிசம் உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இரத்தப் பாதரசத்தில் வேறுபாடு தென்படவில்லை. கடல் மீன் சேரும் நம் வீடுகளில், கடந்த சில நாட்களின் சாப்பாட்டைக் கேட்காமல் பாதரசத்தையோ ஆசனிக்கையோ அளந்து பொருள்சொல்ல முடியாது.

அப்படியானால் அளக்கவே வேண்டாமா? வேண்டும், ஈயத்தை. அது ஓட்டிசத்துக்குக் காரணம் என்று நிறுவுவதற்காக அல்ல; இந்தப் பிள்ளைகள் ஈயத்துக்கு எளிதில் இலக்காகிறார்கள் என்பதற்காக. மண், சுண்ணாம்பு, பெயின்ற் செதில் என்று உணவல்லாததை உண்ணும் பழக்கம், 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் 23.2 சதவீதமாகவும் பொதுவான பிள்ளைகளில் 3.5 சதவீதமாகவும் இருந்தது. மற்றப் பிள்ளைகள் கைவிட்டுவிடும் வயதிலும் இவர்களிடம் அது நீடிக்கக்கூடும்.

கண்டி மலைகளால் சூழப்பட்ட கிண்ணம். வாகனப் புகை இங்கே தேங்கும். ஆனால் ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஜூனிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று முதலில் வீட்டுக்குள்ளே தேட வேண்டும். பெயின்றில் ஈயத்துக்கான உச்சவரம்பு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஜன்னல் சட்டங்களும் லயக் கதவுகளும் இன்னும் உரிந்துகொண்டிருக்கலாம். அப்பாவின் தொழில் என்ன? பழைய பற்றரி உடைக்கிறாரா? பிலிமத்தலாவைப் பக்கம் பித்தளை வார்க்கிறாரா? வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்குகிறாரா? கண்ணுக்குச் சுர்மா இடுகிறார்களா? உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் கொடுக்கிறார்களா? இக்கேள்விகள் பத்து நிமிடத்தில் முடியும், செலவும் இல்லை.

அளவீடு எளிது, கவனம்தான் முக்கியம். விரல்நுனி இரத்தம் தோலிலுள்ள தூசியால் பொய்யாக உயரும். ஆகவே கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். உயர்ந்த முடிவை நாள இரத்தத்தால் உறுதிசெய்ய வேண்டும். ஈயமற்றதெனச் சான்றுள்ள குழாயில் சேர்க்க வேண்டும். தொடுகைக்கும் ஊசிக்கும் அஞ்சும் பிள்ளையிடம் இரண்டாம் தடவை குத்துவது எளிதல்ல. படங்களைக் காட்டி முன்னரே பழக்குவதும், வழக்கமான வேறு இரத்தச் சோதனையோடு சேர்த்தெடுப்பதும் தாதியருக்கும் உதவும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டலின்படி, இரத்த ஈயம் டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினால் மூலத்தைத் தேடி அகற்ற வேண்டும். உணவில் இரும்பும் கல்சியமும் போதாதிருந்தால் அவற்றையும் கொடுக்க வேண்டும். பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு வாய்வழிச் செலேஷன் பரிந்துரைக்கப்படுவது 45 மைக்ரோகிராமில். இரண்டு எண்களுக்கும் நடுவில் மருந்தை விட வீட்டைத் துப்புரவாக்குவதே சிகிச்சை. அதே தரையில் தவழும் தம்பி தங்கையரின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளை மறுபடி மண்ணை வாயில் வைக்கிறதா என்று அடுத்த கிளினிக்கில் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.