தலைப்பும் தடித்த எழுத்தும்

சென்னை மாநகரின் வடபால், பெரம்பூரை அடுத்து, 'வியாசர்பாடி ஜீவா' என்னும் இரயில் நிலையம் உள்ளது. நிலையத்தின் மஞ்சள் நிறப் பலகையில் ஊரின் பெயர் பெரிய கரிய எழுத்துக்களால் பொறிக்கப்பட்டிருக்கும். 'இஃது ஊர்ப்பெயர்' என்று பலகை எங்கும் கூறுவதில்லை. எழுத்தின் பருமனும் அது நிற்கும் இடமுமே அதனை உணர்த்திவிடுகின்றன. ஆனால், பார்வையற்ற பயணி ஒருவருக்கு அப்பலகை ஊமையே. "வியாசர்பாடி வந்துவிட்டது" என்று எவரேனும் வாய்திறந்து சொன்னால்தான் அவர் இறங்க முடியும்.

கண்ணுக்குக் காட்டுவது வேறு, இன்னது என்று சொல்லுவது வேறு. இணையப் பக்கங்களில் தமிழை எழுதுவோர் பலர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இணையப் பக்கங்கள் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியால் ஆக்கப்படுகின்றன. ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் இதனை வகுத்தார். 1991ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முதற்பட்டியலில் 18 குறிகளே இருந்தன. கோண அடைப்புக்குள் எழுதப்படும் இக்குறிகள் படிப்பவர் கண்ணுக்குப் புலப்படா. 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இது பட்டியல்' என்று அவை கணிப்பொறிக்கு மட்டும் அறிவிக்கும். தலைப்புக்கு மட்டுமே ஆறு படிகள் உண்டு.

அழகு வேண்டுவோர்க்கு இது போதவில்லை. எழுத்தின் அளவையும் நிறத்தையும் விரும்பியவாறு மாற்றுதற்கு 'ஃபான்ட்' என்னும் குறி புகுந்தது. 1997 சனவரியில் அதற்கு இடமளித்த தரவிதி, அவ்வாண்டு திசம்பரிலேயே திருத்தப்பட்டு, அக்குறியைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. தோற்றத்தைக் கவனிக்க சி.எஸ்.எஸ். என்னும் தனிமொழி 1996ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எனினும் பழைய பழக்கம் எளிதில் ஒழிவதா? தலைப்பு வேண்டிய இடத்தில் ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்கிச் சற்றுப் பெரிதாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவோர் இன்றும் பலர்.

'கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும்போது இத்தனை தொல்லை எதற்கு?' என்று அவர்கள் கேட்கக்கூடும். திருக்குறளைக் கொண்டே இதற்கு விடை காணலாம். அந்நூல் மூன்று பால்களும் 133 அதிகாரங்களும் உடையது. பாலின் பெயரை மேற்படித் தலைப்பாகவும், அதிகாரத்தின் பெயரை அடுத்த படித் தலைப்பாகவும் குறியிட்டு ஒருவர் அதனை இணையத்தில் ஏற்றுகிறார் என்று கொள்வோம். திரையிலுள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளைக் கொண்டு கற்கும் பார்வையற்ற மாணவி ஒருத்தி, 'கல்வி' என்னும் நாற்பதாம் அதிகாரத்தைத் தேடுகிறாள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் உருவாக்கி இலவசமாக வழங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளில், எச் என்ற ஒரே விசையைத் தட்டத் தட்டத் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். சிறிது நேரத்தில் அவள் கல்வியை அடைந்துவிடுவாள். அத்தலைப்புகள் வெறும் தடித்த எழுத்துக்களாயிருப்பின், தாவுதற்கு அங்கே படியே இல்லை. முந்தைய 390 குறள்களையும் கேட்டுக் கழித்த பின்னரே அவள் நாற்பதாம் அதிகாரத்துக்கு வரவேண்டும். குறியிட்டவர் மிச்சப்படுத்திய ஒரு நொடிக்கு அவள் கொடுக்கும் விலை இது.

இத்தொல்லை தமிழுக்குப் புதியதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்கள் புள்ளி பெறுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இராது. செய்யுளும் உரைநடைபோல் ஓலையின் விளிம்புவரை ஓடும். பாட்டு எது, உரை எது, உரையாசிரியர் எடுத்துக்காட்டிய மேற்கோள் எது என்று பிரித்தறிவதே பெரும்பாடு. சீவகசிந்தாமணியை 1887ஆம் ஆண்டிலும் பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டிலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே சென்றது. ஆறுமுக நாவலர் அச்சுநூல்களில் நிறுத்தக்குறிகளை இட்டு, கற்பார்க்கு வழியை எளிதாக்கினார். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. அச்சில் பிரித்துத் தந்ததை இணையத்தில் மீண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவது, அம்முன்னோர் பட்ட பாட்டை மதியாமையே ஆகும்.

அறிவிப்புகளைப் படமாக எடுத்து இணையத்தில் இடும் வழக்கம் இதனினும் கொடியது. அப்படத்தில் எழுத்தே இல்லை. எழுத்தின் நிழல் மட்டுமே உண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இறுதிநாள் அதில் இருக்கும். அதனைக் கேட்டறிய வேண்டியவருக்கு எட்டாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம், மின்னூடகச் செய்திகள் அவர்களும் அணுகத்தக்க வடிவில் அமைய வேண்டும் என்கிறது. ஆகவே, இது இரக்கத்தால் செய்யும் உதவியன்று. உரிமையுடையார்க்குச் செலுத்தவேண்டிய கடன்.

தோற்றமும் வேண்டுவதே. ஆயினும், ஆங்கிலத்துக்கு ஒத்த அணி எல்லாம் தமிழுக்கு ஒத்துவருவதில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் காட்டச் சாய்வெழுத்து உண்டு. வட்டமும் வளைவும் மிகுந்த தமிழெழுத்தைக் கணிப்பொறி வலிந்து சாய்த்தால், அது விழப்போகும் சுவர்போல் நிற்கும். அடிக்கோடோ, கீழே இறங்கும் 'கு', 'ழ' போன்ற எழுத்துக்களின் காலை வெட்டிவிடும். மேலும், இணையத்தில் அடிக்கோடு கண்டவர் அஃது இணைப்பு என்றெண்ணி அழுத்துவர். தடித்த எழுத்தும் சற்றே கூடிய வரியிடைவெளியும் தமிழுக்குப் போதும்.

பலரும் இடாது விடும் குறி இன்னும் ஒன்று உண்டு. பக்கத்தின் தலைவாயிலில், இது தமிழ் என்று அறிவிக்கும் மொழிக்குறி அது. ஆங்கில எழுத்தில் 'டி', 'ஏ' என்னும் இரண்டே எழுத்துக்கள். அதனைக் கண்டால் படித்துக் காட்டும் மென்பொருள் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். அது இல்லையேல், சில வேளைகளில் ஆங்கிலக் குரலே தமிழைப் படிக்க முயன்று திணறும். எழுத்துக்களை விழுங்கிவிட்டு எண்களை மட்டும் சொல்லிச் செல்வதும் உண்டு.